நல்லா கெட்டிதாண்ணே!

கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, நல்லதாக ஒரு கிட்டார் வாங்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றோடு போனது நிம்மதி. கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்கூட ஒரு யோசனை வைத்திருக்கிறார். ரத்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "அத வாங்கி என்னாங்க செய்யப் போறீங்க? ஓர்கன் வாங்குங்க, கலியாண வீட்டுக்காவது கூப்பிடுவாங்க" என்றார். மச்சான், "அந்தக் காசுக்கு அடுப்படிக் கூரைத் தகரத்த மாத்தலாம்" என்றான். மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. பயமே அதுதான்.

அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அது சீட்டுக் காசு. மாதம் இரண்டாயிரம், இருபது மாதம், பாதி அவள் கையால் கட்டியது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள். நாற்பதாயிரத்தை அதால் வகுத்துப் பாருங்கள், முப்பது பேர் வரும். ஆட்களைச் சொல்லவில்லை. தோட்டத்துக் கணக்கில் ஒரு நாள் வேலை ஒரு பேர். முப்பது முழுப் பேர், அதுவும் சொன்ன நிறைக்குக் கொழுந்து போட்டால். மழை பிடித்தால் அரைப் பேர். அப்படிச் சேர்ந்த காசை ஒரு ஓட்டைப் பெட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எனக்கு என்ன திமிர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் இருக்கிறது, ஆனால் நீளம்.

நாங்கள் இருப்பது ரிவர்ஸ்டனுக்குக் கீழே, ரத்தோட்டைப் பக்கச் சரிவில். மாத்தளையிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவுக்கு வளைந்து வளைந்து ஏறினால் ரிவர்ஸ்டன். மேலே தொலைத்தொடர்புக் கோபுரம், ஆளைத் தள்ளுகிற காற்று. அந்தப் பக்கம் பிட்டவல பத்தனப் புல்வெளி தாண்டி லக்கலைக்கு இறங்கினால் வெயில். இந்தப் பக்கம் எங்களுக்குப் பனி. இந்த மலைத்தொடருக்குச் சிங்களத்தில் தும்பர என்று பெயர், மூடுபனிதான் அர்த்தம் என்பார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் நக்கிள்ஸ். கையை மடக்கினால் தெரிகிற விரல் முட்டிகள் மாதிரி மலை இருக்கிறதாம். அந்தப் பெயர் எனக்கு விளங்கியது என் பழைய கிட்டாரில் எஃப் கோர்டைப் பிடித்தபோது. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப் போட்டு அழுத்த வேண்டும். அழுத்தினால் முட்டி வலிக்கும், சத்தம் மட்டும் வராது.

பதினைந்து வருடமாக அது விரலின் குற்றம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லித்தந்த அண்ணனும், "அழுத்து, இன்னும் அழுத்து, விரல் காய்க்கட்டும்" என்றுதான் சொன்னார். காய்த்தது. எஃப் மட்டும் வரவில்லை.

குற்றம் விரலில் இல்லை என்று காட்டியது கொழும்பிலிருந்து வந்த ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிவர்ஸ்டன் பாதை முழுக்க வேன்கள்தான். பாண், பருப்பு, போத்தல், ஒரு கிட்டார், பைலா. போகும்போது பொலித்தீனை எங்களுக்கு விட்டுவிட்டுப் போவார்கள், அந்த ஆதங்கத்தை இன்னொரு நாள் பேசலாம். நான் நின்று பார்ப்பதைக் கண்ட ஒரு பையன், "அங்கிள்ட புளுவன்த?" என்று, வாசிக்கத் தெரியுமா எனச் சிங்களத்தில் கேட்டு, கிட்டாரை அப்படியே என் கையில் தந்துவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு.

கையில் வாங்கியதும் முதலில் பட்டது அதன் லேசு. தட்டியதும் பெட்டி நெஞ்சோடு சேர்ந்து அதிர்ந்தது. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வரும் 'இளைய நிலா'வின் தொடக்கத்தை, எனக்குத் தெரிந்த அரைகுறையில், வாசித்துப் பார்த்தேன். 1982இல் இளையராஜாவுக்காக அதை வாசித்தவர் சந்திரசேகர். அதற்குப் பிறகு கிட்டார் பிடித்த தமிழ்ப் பையன் ஒவ்வொருவனும் அந்த ஒரு துண்டை வாசித்துக் காட்டினால்தான் ஊர் அவனை நம்புகிறது. என் கையிலும் அது அன்றைக்கு ஓரளவு வந்தது. எஃப் கோர்ட் வந்தது! அழுத்தவே இல்லை, விரலை வைத்தேன், ஆறு கம்பியும் பேசின. பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் கணவாய்ப் பக்கமிருந்து பனி இறங்கியது. பையன் பதறி, "தெமெனவா, தெமெனவா" என்று கிட்டாரை வாங்கி உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டான். நனைகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிடப் பனிக்கே நனைகிற சாமான் எங்கள் வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த வாரமே சீட்டுக் கேட்டேன்.

இனிக் கடைக் கதை. ஊர் பேர் வேண்டாம். டவுனில் ஒரு பெரிய கடை. கிட்டார்கள் சுவரில் உயரத்தில், ஆட்டுத் தொடை தொங்குவது மாதிரி வரிசையாகத் தொங்குகின்றன. பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் போர்ட். இந்த நாட்டில் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதப்பட்ட போர்ட் ஒன்றைப் பார்க்கக் கிடைத்ததில் ஒரு திருப்தி. வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வாங்குறதுன்னா எறக்கித் தாறேண்ணே" என்றான் கடைப் பையன். வாங்குவதா வேண்டாமா என்று தெரிவதற்குத்தானே வாசிக்க வேண்டும். சேலைக் கடையில் நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வருகிறோம், யாரும் கோபிப்பதில்லை. செருப்பைக்கூடப் போட்டு நடந்து பார்க்கவிடுகிறார்கள். முப்பது பேர் சம்பளத்துக்குக் கிட்டார் வாங்க வருகிறவன் மட்டும் அண்ணாந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

படித்து வைத்திருந்த கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். "தம்பி, இது சொலிட் டொப்பா?"

பையன் ஒரு கணம் முழித்தான். பிறகு கிட்டாரின் வயிற்றில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினான். "பாருங்கண்ணே. நல்லா கெட்டிதாண்ணே!"

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முந்தின வாரம் அவன் ரைஸ் குக்கர் விற்றிருப்பான்.

விஷயம் இதுதான். கிட்டாரின் முகப்பலகை ஒரே மரத்தில் அறுத்ததாக இருந்தால் சொலிட் டொப். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தால் லெமினேட், நம் பாஷையில் ஒட்டுப்பலகை. கம்பி அதிர்ந்து, அந்த அதிர்வு குதிரை, அதாவது பிரிட்ஜ், வழியாக முகப்பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அடிக்கிறது. கிட்டாரின் சத்தம் என்பது பெரும்பாலும் இந்த ஒரு பலகைதான். ஸ்பெயினில் அந்தோனியோ தெ தொரெஸ் என்கிற தச்சர் 1862இல் முதுகையும் விலாவையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, முகத்துக்கு மட்டும் நல்ல மரத்தைப் போட்டு ஒரு கிட்டார் பண்ணினார். உயிர் முகத்தில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக. அது இன்றைக்கும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால்தான் கிட்டார் பேசுகிறவர்கள் எல்லாரும் "காசு கொஞ்சமா இருந்தாலும் சொலிட் டொப் பார்த்து வாங்கு" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அடையாளம் காண வழியும் உண்டு. நடு ஓட்டையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். மேலே ஓடுகிற மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. இதைப் பார்க்கக் கிட்டாரைக் கீழே இறக்க வேண்டும், உறையைக் கழற்ற வேண்டும். மூன்று மொழி போர்டை மறுபடியும் வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்பலகை என்றால் எங்கள் ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தேயிலைப் பெட்டி பார்த்து வளர்ந்தவர்கள். ஓரத்தில் தகரம் அடித்த அந்தப் பெட்டியைப் பிரித்துத்தான் லயத்து வீடுகளில் அலுமாரி, கட்டில் தடுப்பு, பிள்ளைக்கு எழுதுபலகை எல்லாம் செய்தார்கள். அதே பெட்டி கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் வாத்தியமும் ஆனது. 1950களில் அங்கே காசில்லாத பையன்கள் காலித் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பும் ஒரு கயிறும் கட்டி பேஸ் வாசித்தார்கள். லெனன் பீட்டில்ஸுக்கு முன்னால் வைத்திருந்த பையன்கள் கூட்டத்திலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. பெட்டியை நிரப்பி அனுப்பியவர்களின் பேரன் நான், இங்கே ஒரு பெட்டிக்கு அலைகிறேன்.

விலைக்கு வருவோம். யமஹாவில் எஃப் 310 என்பது ஒட்டுப்பலகை முகம், எஃப்ஜி 800 என்பது ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ் முகம். உலகம் முழுக்கக் கற்றுக்குட்டிக்கு முதலாவதையும், ஒரு படி மேலே போகிறவனுக்கு இரண்டாவதையும் கைகாட்டுகிறார்கள். இரண்டாவது அமெரிக்காவில் இருநூறு டொலரைச் சுற்றிக் கிடைத்த சாமான், அங்கே அது சிக்கன விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் நம் காசில் இருநூறு ரூபாய்ச் சில்லறை. மே மாதம் 360 ரூபாய். மரமும் அதே, கம்பியும் அதே, இரண்டு மாதத்தில் கிட்டார் எங்களிடமிருந்து ஒன்றே முக்கால் மடங்கு தூரம் போய்விட்டது. பிறகு டொலர் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய டொலருக்கு ஏற்ப இறங்கிய விலையை நான் எந்தக் கடையிலும் காணவில்லை. இதில் கப்பல், வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்தால் நாற்பதாயிரம் வாசற்படிக்கு வெளியே நிற்கும். சிக்கனம் என்கிற சொல்லையும் டொலரில்தான் அளக்கிறார்கள்.

பழசு பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஒன்றில் தச்சர் பலகை பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக் கழுத்து வழியே பார்த்தால் வில்லு. இன்னொன்றில் குதிரை பெயர்ந்து, அடியில் விசிட்டிங் கார்ட் நுழைகிறது. லைட் செட் கம்பி ஆறையும் சுருதியில் நிறுத்தினால் எழுபது கிலோ அளவுக்கு இழுவை. ஒன்றரை மூட்டை அரிசி இரவும் பகலும் தொங்குகிற மாதிரி. ஒட்டுக் கொஞ்சம் விட்டால் போதும். விற்கிறவர், "ஒரே ஒரு நத்தாருக்குத்தான் வாசிச்சது" என்று சத்தியம் செய்தார். எந்த ஆண்டு நத்தார் என்று கேட்கவில்லை.

சரி, எப்படியாவது கடன்பட்டுச் சொலிட் டொப் வாங்கினேன் என்றே வையுங்கள். அப்புறம்தான் பெரிய வேடிக்கை. ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருக்கும் அறையில் வைக்கச் சொல்கிறார்கள். அறை! எங்கள் வீட்டில் பனி வாசல் வழியாக வருவதில்லை, சுவர் வழியாக வருகிறது. தீப்பெட்டியை அடுப்புத் திட்டில் வைத்தால்தான் காலையில் குச்சி பற்றும். உப்பு ஜாடியில் கரண்டி நிற்காது, மிதக்கும். செருப்பில் பூஞ்சணம். இந்த ஈரத்தை மரம் குடிக்கும், குடித்தால் உப்பும். முகப்பலகை குதிரைக்குப் பின்னால் வயிறு வைத்து மேலே வரும், குதிரையையும் தூக்கும், கம்பி மெட்டை, அதாவது ஃபிரெட்டை, விட்டு உயரும். எஃப் கோர்ட் பழையபடி முட்டியை உடைக்கும். ஒற்றைப் பலகை இதற்கு அதிகம் மசியும். ஒட்டுப்பலகையில் ஒரு தகடு விரியப் பார்த்தால் குறுக்கே ஒட்டிய தகடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதாவது எல்லாரும் மட்டம் என்று ஒதுக்கச் சொல்கிற பலகைதான் எங்கள் பனிக்குக் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொலிட் டொப் யோசனை சொன்ன அத்தனை பேரும் காய்ந்த ஊர்க்காரர்கள்.

ஒட்டுப்பலகை என்றால் கேவலம் என்பதும் சும்மா பேச்சு. 1966இல் யமஹா இறக்கிய எஃப்ஜி 180இன் முகம் ஒட்டுப்பலகைதான். அரை நூற்றாண்டு கழித்தும் ஆட்கள் அதைத் தேடித் திரிகிறார்கள்.

தோட்டத்தில் தப்பு அடிக்கிற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் புலம்பினேன். அவர் தப்பைக் கையில் எடுத்தார் என்றால் முதலில் வைக்கோலைக் கொளுத்துவார். பனிக்குத் தோல் தொய்ந்திருக்கும், நெருப்புக் காட்டினால் விறைக்கும், அப்புறம்தான் அடி. "ஒங்க சாமானுக்கு நெருப்புக் காட்ட ஏலாதா தம்பி?" என்றார். ஏலாதுங்க என்றேன். "அப்ப அது நம்ம ஊருச் சாமான் இல்ல" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். இரண்டு தரம் குச்சி அணைந்தது, அது வேறு.

ஆனால் நம் ஊர்ச் சாமான் இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த நாட்டில் சிங்கள மெல்லிசைக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் ஹப்புத்தளையில் பிறந்தவர், மலைக்காரர். தமிழில் நித்தி கனகரத்தினமும் சிலோன் மனோகரும் பொப் பாடிக் கொண்டாடிய வாத்தியம் இது. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் எடுத்த 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிற பாட்டை இங்கே பாடாத லயம் இல்லை. படத்துக்குப் பெயர்தான் மூடுபனி. எங்கள் மூடுபனியில் நாலு நாள் வைத்திருந்தால் அந்தக் கிட்டாரின் கம்பி செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும்.

கடைசியில் என் ஆத்திரம் முழுக்க வேறு இடத்துக்குப் போனது. பழைய கிட்டாரில் பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். தடித்த கம்பி நாலு மில்லிமீற்றருக்கும் கூட. இரண்டரை, மிஞ்சினால் மூன்றுக்குள் இருந்தால் போதுமாம். அந்தக் கொழும்புப் பையனின் கிட்டாரில் எஃப் வழுக்கிக்கொண்டு வந்ததற்கு மரம் பாதிக் காரணம்கூட இல்லை, யாரோ அதை உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து வருடம்! விரல் காய்க்கட்டும் என்றார்களே, ஒருவராவது ஸ்கேலை வைத்துப் பார்த்தார்களா? கடையிலிருந்து வரும்போதே உயரமாக வந்த கம்பி அது. எத்தனை பிள்ளைகள் இப்படி மலிவுக் கிட்டாரைப் பிடித்து, முட்டி வலித்து, எனக்குச் சங்கீதம் வராது என்று மூலையில் சாத்தியிருப்பார்கள். விற்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து கம்பியை இறக்கித் தருகிறவர் யார் என்று கேட்டால் கொழும்புக்குப் போகச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் இந்த மாத்தளையில் கைவேலைக்குப் பஞ்சமா? ஹப்புவிதக் கிராமத்தில் அரக்கை நூல் நூலாக இழுத்து நகத்தால் கிள்ளிப் பூவேலை செய்கிற கைகள் உள்ள மாவட்டம் இது.

நானே இறங்கினேன். வீணைக்காரர்கள் பிரிட்ஜைக் குதிரை என்பார்கள். கிட்டாரில் அந்தக் குதிரையின் முதுகில் ஒரு சின்னத் துண்டு செருகியிருக்கும், இங்கிலீஷில் அதற்குப் பெயர் சேடில், அதாவது சேணம். குதிரைக்கு மேல் சேணம், யார் பேர் வைத்தாலும் பொருத்தம்தான். அதைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் தாளை விரித்துக்கொண்டால் சமமாகத் தேயும். பன்னிரண்டாவது மெட்டு கம்பிக்கு நட்டநடு, அதனால் அங்கே ஒரு மில்லிமீற்றர் இறங்க வேண்டுமென்றால் சேணத்தில் இரண்டு தேய்க்க வேண்டும். உப்புத்தாளுக்கும் பத்தாம் நம்பர் மெல்லிய கம்பி செட்டுக்கும் ஆன செலவு, பெரிய கடைக்குப் போய்வந்த பஸ் காசையும் சாப்பாட்டையும்விடக் கொஞ்சம்தான் கூட. மாட்டிச் சுருதி சேர்த்தேன். எஃப் வந்தது. முழுசாக, ஆறு கம்பியும்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது அதேதானே?"

"அதேதான்."

"அப்ப அந்த நாப்பதாயிரம்?"

அடுப்படிக்குத் தகரம் மாற்றியாகிவிட்டது. மச்சான் வந்து ஆணி அடித்தான், முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு.

ஆனால் என் தலையெழுத்தைக் கேளுங்கள். ஆத்திரத்தில் சேணத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டேன். என் பழைய கிட்டாரின் முகம் ஒட்டுப்பலகைதான், ஆனால் ஒட்டுப்பலகையும் அடியோடு அசையாத சாமான் இல்லையே. வெயில் அடிக்கிற நாளில் பலகை காய்ந்து அமுங்குகிறது, கம்பி மெட்டில் உரசி வண்டு மாதிரி கர்ர் என்கிறது. ரிவர்ஸ்டனிலிருந்து பனி இறங்கி, ஜன்னல் மூடி, சுவரெல்லாம் வியர்த்த பிறகு பலகை மெல்ல உப்பி, கம்பி அரை மில்லிமீற்றர் எழும்பி, சரியாக இரண்டரையில் வந்து நிற்கிறது. அப்போதுதான் அது நல்ல கிட்டார். விடிகாலை ஐந்தரைக்கு, எதிர் லயம் தெரியாத பனியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசிக்கலாம். ஒன்பது மணிக்கு வெயில் வந்தால் மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

இன்றைக்கும் அளந்துகொண்டிருந்தேன். இரண்டரைக்கும் இரண்டே முக்காலுக்கும் நடுவில் ஏதோ காட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"அப்பா, ஸ்கேலத் தாங்க. பஸ் போயிரும்."